உழவாரமும் அணையா அடுப்பும்

சிவன் கோயிலில் நால்வர் வரிசையைப் பார்த்தால் அப்பரை அடையாளம் காண்பது சுலபம். சம்பந்தர் சின்னப் பிள்ளை. சுந்தரர் மாப்பிள்ளைக் கோலம். மாணிக்கவாசகர் கையில் சுவடி. அப்பருக்கு மழித்த தலை, கூப்பிய கை, அந்தக் கை மடிப்பில் சாய்த்த ஒரு நீளமான கருவி. நுனியில் தட்டையான இரும்பு அலகு. அதுதான் உழவாரம், புல் செதுக்குகிற கருவி. ஏடும் தாளமும் இருக்கிற வரிசையில் ஒருவர் மட்டும் களையெடுக்கிற சாமானோடு நிற்கிறார்.

கடலூர்க்காரர்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். பிறந்தது பண்ருட்டிப் பக்கம் திருவாமூர். தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் பெரிய நிலையில் இருந்தது பாடலிபுத்திரத்தில். அது நம் திருப்பாதிரிப்புலியூர்தான். சூலை நோய் வாட்டியபோது திரும்பி வந்தது அக்கா திலகவதியார் இருந்த திருவதிகைக்கு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அவர் கரையேறியதாகச் சொல்லும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். இந்தப் பக்கத்தில் அப்பர் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது அந்தக் கல் மிதந்த கதைதான். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அதை யாராலும் மறுபடி செய்து காட்ட முடியாது. உழவாரத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கோயிலுக்குப் போகலாம்.

ஒரு சமயப் பெரியவரை எதற்கு நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டால், அவர் போன பிறகு நம் கையில் என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி என்று தோன்றுகிறது. தத்துவத்தைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். அற்புதங்களைப் பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையில் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலையை விட்டுப்போனவர்கள் மிகக் குறைவு. கடலூர் மாவட்டத்துக்கு அப்படி இரண்டு பேர் வாய்த்திருக்கிறார்கள். ஒருவர் 7ஆம் நூற்றாண்டு அப்பர், இன்னொருவர் 19ஆம் நூற்றாண்டு வடலூர் வள்ளலார் என்ற இராமலிங்க அடிகள்.

அப்பருக்கும் இந்த வேலை தானாக வந்துவிடவில்லை. நோயோடு வந்து விழுந்த தம்பியைத் திலகவதியார் விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அப்போது அவர் எடுத்துப்போவது திருவலகு, திருமெழுக்கு, தோண்டி: துடைப்பம், சாணம், தண்ணீர்ப் பானை. பெருக்கி மெழுகிய அக்காவைப் பார்த்துத்தான் தம்பி உழவாரத்தை எடுத்தார். நினைவுநாள் கொண்டாட்டங்களில் திலகவதியாரை ஒரு வரியில் கடந்துபோகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது உழவாரப் பணிக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆர்வக் கோளாறில் கோயிலைக் கெடுத்துவிட்டு வருகிற குழுக்களும் உண்டு.

முதலில் செயல் அலுவலரிடமோ அறங்காவலரிடமோ சொல்லி அனுமதி வாங்குங்கள். எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று குருக்களையும் கேளுங்கள். வேலை தொடங்குமுன் சுவரையும் தரையையும் படம் எடுத்து வையுங்கள். புல் எடுக்க ஏற்ற நேரம் மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து. மண் இளகி இருக்கும், வேரோடு வரும். சித்திரை வெயிலில் போய்ச் செதுக்கினால் தலை மட்டும் அறுபடும், அடுத்த மழைக்குப் பழையபடி முளைத்து நிற்கும். பூத்து விதை கொட்டுமுன் எடுத்தால் அடுத்த பருவத்தில் பாதி வேலை மிச்சம். கோரையை மேலாகச் செதுக்கிப் பிரயோசனம் இல்லை. கீழே கிழங்கு இருக்கும், களைக்கொத்தால் நான்கு விரற்கடையாவது தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். அருகம்புல் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும், துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. எடுத்த புல்லைப் பிராகார மூலையில் குவிக்காமல் அன்றைக்கே வெளியேற்ற வேண்டும்.

கல் தளத்தின் இடுக்கில் முளைக்கும் செடியை அழிக்கச் சிலர் கல்லுப்பு கொட்டுகிறார்கள். செடி சாகும், உண்மைதான். உப்பு கல்லுக்குள் இறங்கும். ஈரத்தில் கரைந்து வெயிலில் மறுபடி உறையும்போது உள்ளிருந்தே பொரிந்து கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். கடற்காற்று படுகிற நம் ஊர்க் கோயில்களுக்கு ஏற்கெனவே அந்த உபத்திரவம் இருக்கிறது, நாம் வேறு மூட்டை கட்டிக் கொண்டுபோக வேண்டாம்.

விமானத்தில் முளைக்கும் அரசும் ஆலும்தான் பெரிய எதிரி. பறவை எச்சத்தில் வரும் விதை, சுதைச் சிற்பத்தின் விரிசலில் விழுந்து முளைக்கும். இரண்டு இலை விட்டதுமே எடுத்துவிட்டால் விரலால் கிள்ளிவிடலாம். ஓராண்டு விட்டுவிட்டால் வேர் செங்கல்லைக் கவ்விக்கொள்ளும். அப்போது வீரமாகப் பிடித்து இழுத்தால் செடியோடு சேர்ந்து சுதையும் பெயர்ந்து வரும். அப்படிப்பட்டதை வெட்டி மட்டும் வையுங்கள். வேரைக் கொல்வதும் விரிசலை மூடுவதும் ஸ்தபதியின் வேலை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய இடத்தில் சிமெண்ட் பூச ஆசைப்படுகிற உபயதாரர் ஊருக்கு ஒருவர் இருப்பார். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. பூச்சு அப்படியே நிற்க, பின்னால் இருக்கிற சுண்ணாம்பும் செங்கல்லும் மாவாகும்.

கருங்கல்லில் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் ஊற்றவே கூடாது. பச்சரிசி மாவைத் தூவிச் சற்று நேரம் விட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பிறகு சீயக்காய்த் தூளும் வெந்நீரும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிற முறை அறநிலையத் துறையே தடை செய்தது; பளிச்சென்று தெரியும், கூடவே கல்வெட்டு எழுத்தும் போய்விடும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அப்பியிருந்தால் மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டலாம், இரும்பு படக்கூடாது. பெயிண்ட் அப்பியிருந்தால் விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் அப்பர் சொல்லிக் கொடுத்ததா என்றால் இல்லை. அவர் கையிலிருந்த கருவிதான் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்க வைக்கிறது.

பெரிய புராணத்தில் திருவீழிமிழலைக் கதை ஒன்று. ஊரில் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் அடியார்களுக்குச் சோறு போட நாள்தோறும் பீடத்தில் ஒரு பொற்காசு கிடைக்கிறது. அப்பர் மடத்தில் உச்சிப்பொழுதுக்கே இலை போட்டாகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று சமையற்காரர்களை விசாரித்தால், சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வாசி, அதாவது கழிவு கேட்டு, வட்டம் பிடித்துத்தான் மாற்றுகிறார்களாம். அப்பர் காசு கேள்வியில்லாமல் செல்லுகிறதாம். காரணம், அப்பர் கையால் தொண்டு செய்கிறவர், அவருக்குக் கிடைப்பது கூலி. சம்பந்தர் பிறகு பதிகம் பாடி வாசியில்லாக் காசு வாங்கிக்கொண்டார், அது வேறு. பாலறாவாயர் என்று கொண்டாடப்பட்ட பிள்ளையின் காசு ஒரு மாற்றுக் குறைவு, புல் செதுக்கியவரின் காசு முழு மாற்று என்று சேக்கிழார் கூசாமல் எழுதிவைத்திருக்கிறார். அதையும் ஒரு சமையற்கட்டுக் கணக்காக எழுதியிருப்பதுதான் அழகு: காசு செல்லவில்லை, சரக்கு வரவில்லை, அடியார் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பசி என்றதும் வடலூர்.

இராமலிங்க அடிகள் பிறந்தது 1823 அக்டோபர் 5, சிதம்பரம் பக்கம் மருதூரில். சென்னையில் வளர்ந்து, 1858இல் அங்கிருந்து கிளம்பி, கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். தண்ணீரில் விளக்கெரித்த கதை அங்கே நடந்ததுதான். 1865இல் சன்மார்க்க சங்கம். 1867 மே 23இல், பார்வதிபுரத்து ஊரார் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில், பசித்தவருக்குச் சோறு போடச் சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஏறக்குறைய 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். வரிசையாக அண்டா ஏற்றக்கூடிய கோட்டை அடுப்பு. அதைக் கடவுளுக்குக் காட்டுகிற தீபமாக வைக்காமல் உலை கொதிக்க வைத்ததில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. ஜோதி வழிபாட்டுக்கான ஞானசபை கட்டி முதல் வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25. அதாவது சோறு முதலில், சபை ஐந்தாண்டு கழித்து. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

அடுப்பு மூட்டிப் பத்தாண்டு ஆகுமுன் தாது வருஷப் பஞ்சம் வந்தது, 1876 முதல் 78 வரை. பஞ்சம் வந்தபின் கஞ்சித்தொட்டி திறந்தவர்கள் நிறைய. வருமுன்பே, பஞ்சமில்லாத நாளிலும் ஏழைக்குப் பசி தினசரி விஷயம் என்று தெரிந்து அடுப்பு வைத்தவர் இவர். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலில் பசி உடம்பை என்ன செய்கிறது என்பதைக் கண், காது, நாக்கு, கை, கால் என்று ஒவ்வொன்றாக வைத்தியர் மாதிரி எழுதிக்கொண்டே போவார். பிறகு சாப்பிட்டதும் ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வருகிறது என்று எழுதுவார். பசித்தவரைப் பக்கத்திலிருந்து பார்க்காமல் அப்படி எழுத முடியாது. சாப்பிட வருகிறவரிடம் சாதியோ சமயமோ ஊரோ கேட்க வேண்டியதில்லை, பசி போதும் என்பதுதான் தருமச்சாலையின் நுழைவுச் சீட்டு.

அன்னதானம் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேண்டும். நூறு பேருக்கு மதியச் சோற்றுக்குப் புழுங்கலரிசி 12 கிலோ. உடலுழைப்புக்காரர்கள் அதிகம் என்றால் 15. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, காய் 8 கிலோ, புளி 600 கிராம். காலைக் கஞ்சிக்கு நொய் 5 கிலோவுக்குத் தண்ணீர் 50 லிட்டர். ஆளுக்கு அரை லிட்டர் வரும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாதவர் என்று தெரிந்தால் நேராகப் பந்தியில் உட்காரவைத்து வயிறு முட்டப் போடாதீர்கள். சுருண்ட குடலும் உடம்பும் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புப் போட்ட இளங்கஞ்சி அரை டம்ளர், கொஞ்சம் விட்டு இன்னொரு அரை. உடம்பு மிகவும் சோர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, உலை தளதளவென்று கொதித்த பிறகுதான் போட வேண்டும். 12 கிலோவுக்கு 60 லிட்டராவது உலைநீர். ஒரே அண்டாவில் 20 கிலோ போட்டு வேலையைச் சுருக்கப் பார்ப்பது வழக்கமான தப்பு. அடியில் குழைந்து, மேலே அரைவேக்காடாக நிற்கும். துடுப்பைப் போட்டுக் கிளறினால் எல்லாம் களி. ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிகிறபோதே வடித்துவிட வேண்டும், குவித்த சோற்றின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். வெந்துவிட்டது என்று நிச்சயமானபின் வடித்தால் பந்திக்கு வரும்போது குழைந்திருக்கும். வடித்ததைப் பாயில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி மேலேயும் துணியால் மூடுங்கள். தட்டுப் போட்டு மூடினால் வியர்த்து நீர்விடும், சீக்கிரம் ஊசிப்போகும்.

சாம்பாரில் காய் வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் எரித்தாலும் காய் இறுகியே நிற்கும். பருப்பு தனி, காய் தனி, புளி கடைசி. தேங்காய் அரைத்து ஊற்றுவது வீட்டுக்கு ருசி. நூறு பேர் சமையலில் மதியத்துக்குள் நுரைத்துவிடும், தவிர்த்துவிடுங்கள். அடிபிடித்துவிட்டால் கரண்டியை அடிவரை விடவே கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, மேலாக முகந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் முக்கால்வாசி காப்பாற்றலாம். சுரண்டிக் கலக்கினவர் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

பரிமாறுகிறவர்களுக்குச் சமையலைவிட அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது. இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் உண்மையில் பசியோடு வந்தவர். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா’ என்று குனிந்து, பக்கத்து இலைக்குக் கேட்காத குரலில் கேட்க வேண்டும். வாளியை ஆட்டிக்கொண்டு ‘யாருக்கு வேணும்?’ என்று கூவினால் அவர் எழுந்துவிடுவார். இலையில் சோறு வாங்குகிறவரைப் படம் எடுப்பது, அண்டாவைவிடப் பெரிய பேனர் கட்டுவது இரண்டையும் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வடலூர்க்காரர் அந்த விஷயத்தில் எப்படி இருந்தார் என்று மட்டும் சொல்லலாம். தம் பாடல்கள் அச்சுக்குப் போகும்போது, இராமலிங்கசாமி என்று தம்மைக் குறிப்பிடுவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராக இருக்கிறது என்று கடிதம் எழுதியவர் அவர். கையெழுத்துப் போட்டது சிதம்பரம் இராமலிங்கம் என்றுதான். ‘சாமி’ என்ற ஒரு சொல்லைக்கூட வேண்டாம் என்றவர்.

சபைக்கு அவர் எழுதிவைத்த விதிகளும் இதே தினுசு. உள்ளே விளக்கைத் துடைத்து ஏற்றுகிறவர் 12 வயதுக்கு உட்பட்டவர் அல்லது 72 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும்; தூசு துடைக்கப் போகிறவர் காலில் துணி சுற்றி முட்டிக்காலிட்டுச் செய்ய வேண்டும். இன்ன குலம், இன்ன பட்டம் என்று இல்லை. வயதும் கால் துணியும்தான் தகுதி. பரம்பரையாக யாரும் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி, பன்னிரண்டைத் தாண்டியதும் கைமாறுகிற மாதிரி அமைத்திருக்கிறார் என்பது எங்கள் வாசிப்பு.

1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அன்றிலிருந்து விவாதம் ஓய்ந்தபாடில்லை. தருமச்சாலையில் மறுநாளும் உலை வைத்தார்கள்.

வேலை என்றால் உடலுழைப்பு மட்டும்தானா என்று புதுச்சேரி நண்பர்கள் கேட்பார்கள். நியாயம். 1910 ஏப்ரல் 4இல் அங்கே வந்து இறங்கிய அரவிந்தர் 1950 டிசம்பர் 5 வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. 1926 நவம்பருக்குப் பிறகு அறையைவிட்டே அதிகம் வெளியே வரவில்லை. ஆனால் 1930களில் ஆசிரமவாசிகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இரவிரவாக உட்கார்ந்து கையால் பதில் எழுதினார், தலைவலி முதல் கவிதை யாப்பு வரை. தரிசனம் கொடுப்பதைவிட அது கஷ்டமான வேலை. இந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடத்தில் ஐந்தாம் பட்டத்து அடிகள் 1942இல் மறையும்வரை தமிழ்ப் பாடம் சொன்னதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏழு திரை நீக்கி ஜோதி பார்க்கிற நாளில் சாலை ஓரமெல்லாம் பந்தல், பந்தலுக்குப் பந்தல் அதே சாம்பார் சாதம். நாலாவது பந்தலில் வாங்கியதை யாராலும் சாப்பிட முடியாது, பாதி தட்டோடு குப்பைக்குப் போகிறது. அந்த அரிசியை ஆடியிலோ ஐப்பசி மழையிலோ கொண்டுபோய்த் தருமச்சாலையில் கொடுங்கள். மூட்டையைக் கொடுக்குமுன் பிரித்து வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாத அரிசியைத் தள்ளிவிடுகிற இடம் அதுவல்ல. விறகு கொடுப்பதாக இருந்தால் நம் பக்கத்துச் சவுக்கு நல்லது, நின்று எரியும். முந்திரி விறகும் எரியும், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு புகைந்து, சோறெல்லாம் புகைநாற்றம் அடிக்கும்.

சின்ன அளவில் அணையா அடுப்பு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற சங்கத்தார் முதலில் கேட்பது, ராத்திரி நெருப்பை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான். எல்லோரும் செய்கிற தப்பு, தூங்கப்போகும்போது நிறைய விறகைத் திணித்துவிட்டுப் போவது. அது நடுச்சாமத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். கடைசிப் பந்தி முடிந்ததும் சுள்ளிகளை வெளியே இழுத்துவிட்டு, தொடைப் பருமன் சவுக்குக் கட்டை ஒன்றைப் பாதி கனலானதும் அடுப்பின் பின்பக்கம் தள்ளுங்கள். சுற்றிலும் தணலைக் கூட்டி, அன்றைய சாம்பலைச் சலித்து நாலு விரல் கனத்துக்கு மேலே மூடுங்கள். அழுத்தக் கூடாது, அழுத்தினால் மூச்சு முட்டி அணைந்துவிடும். அடுப்பு வாயில் ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்தால் காற்று பாதியாகும். மழை நாளில் சாம்பல் ஈரமாகிவிடாமல் மேலே ஒரு தகரம். விடிகாலை நாலு மணிக்குச் சாம்பலை ஒதுக்கினால் உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். அதன்மேல் காய்ந்த தேங்காய் மட்டையின் நார்ப்பக்கம் படும்படி வைத்து ஊதுகுழலால் மெதுவாக ஊதுங்கள். முதலில் வெள்ளைப் புகை திரண்டு வரும், அப்போது அண்டா ஏற்றாதீர்கள், கஞ்சியில் புகை பிடிக்கும். புகை மெலிந்து தீ மஞ்சளாக நாக்கு நீட்டியதும் உலைநீரை ஏற்றலாம். ஆறு மணிக்குள் கஞ்சி தயார்.